பையன் பந்தை வேகமாக வீசுகிறானா? ஸ்பீட் கன்னை மட்டும் நம்பாதீர்கள்!

காலேஜில் படிக்கிற உங்கள் மகன் மற்றவர்களைவிட வேகமாகப் பந்து வீசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தெருவில் பேசிக்கொள்வார்கள். அப்புறம் லாஸ்பேட்டை மைதானத்தில் பார்த்த யாரோ ஒருத்தர், "பையன்கிட்ட சரக்கு இருக்கு சார், விட்டுடாதீங்க" என்பார். அடுத்து ஒரு பயிற்சியாளர் ஸ்பீட் கன்னைக் கொண்டுவந்து அளப்பார். அது 130 என்றோ 135 என்றோ காட்டும். அவ்வளவுதான், அன்றிலிருந்து வீட்டில் அந்த நம்பர்தான் பேச்சு. பிளஸ் டூ மார்க்கைக்கூட நீங்கள் இவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள்!

நம் ஊர்ப் பையன்களுக்கு இது இனி எட்டாத கனவு கிடையாது. 2018-ல் புதுச்சேரி அணி முதல்முறையாக ரஞ்சிக் கோப்பையில் இறங்கியது. பக்கத்தில் தமிழ்நாட்டில் 2016-லிருந்து டி.என்.பி.எல். நடக்கிறது. அங்கே நன்றாக ஆடினால் ஐ.பி.எல். ஏலத்தில் பெயர் வரும். ஆக, "பையனை செலக்‌ஷனுக்கு அனுப்பலாமா, படிப்பு என்ன ஆகும்?" என்ற கேள்வி நடுத்தரக் குடும்பங்களின் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

அனுப்புங்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் எதைப் பார்த்து அவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பையன் எவ்வளவு வேகமாக வீசுகிறான் என்று அளக்கக் கருவி வந்துவிட்டது. அந்த வேகத்தை அவன் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று யார் அளக்கிறார்கள்? தேர்வாளர் அளக்க வேண்டும். அவர் அளக்கவில்லை என்றால் வீட்டில் இருக்கிற நீங்கள் அளக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

37,000 பேரில் ரெண்டு பேர்

இந்தக் கதையை நீங்கள் சினிமாவாகப் பார்த்திருக்கலாம். 2014-ல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம், நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்தான் இசை. நடந்த கதை இது. ஜே.பி.பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட், 'இத்தனை கோடி ஜனங்கள் இருக்கிற இந்தியாவில் பேஸ்பாலுக்கு ஏற்ற நாலு கை கிடைக்காதா?' என்று யோசித்தார். ஸ்பீட் கன்னோடு கிளம்பி வந்துவிட்டார்.

பேஸ்பாலில் பந்து எறிகிறவருக்கு 'பிட்சர்' என்று பெயர். நம் வேகப்பந்து வீச்சாளர் மாதிரி அவர் ஓடி வர மாட்டார். சின்ன மேட்டின்மேல் நின்று, சுமார் பதினெட்டரை மீட்டர் தூரத்தில் இருப்பவரை நோக்கி, பந்து தரையில் படாமல் எறிவார். கையை மடக்கி எறியலாம், தடையில்லை. அமெரிக்காவில் பெரிய அணிகளின் தேர்வாளர்கள் கல்லூரி மைதானங்களில் ஸ்பீட் கன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பல காலப் பழக்கம்.

2008-ல் முடிந்த அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 37,000 பேருக்கு மேல். வென்றவர் உத்தரப்பிரதேசத்து லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன் ரிங்கு சிங். மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அவரோடு தேறியவர் தினேஷ் படேல். இரண்டு பேரும் லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். பேஸ்பால் பந்தை அதற்கு முன் கையில் தொட்டதுகூட இல்லை! அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள் கற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது.

அப்புறம்? தினேஷை அணி 2010-ல் விடுவித்தது, ஊர் திரும்பினார். ரிங்கு 2009 ஜூலையில், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டம் ஒன்றில் வென்ற முதல் இந்தியர் ஆனார். கீழ்மட்ட லீக்குகளில் நன்றாகவே முன்னேறினார். ஆனால் கையில் காயம் வந்து, ஆட்டமே இல்லாமல் பல பருவங்கள் போய்விட்டன. கடைசியில் 2018-ல் மல்யுத்த மேடைக்குப் போனார். டி.வி.யில் 'வீர் மஹான்' என்ற பெயரில் ருத்திராட்சம் போட்டுக்கொண்டு வந்தவர் என்றால் உங்கள் வீட்டுக் குழந்தைகள் சொல்லிவிடுவார்கள்.

இதைத் தோல்விக் கதை என்று சொல்ல மாட்டேன். ஒரு ஏழைக் குடும்பம் நிமிர்ந்தது. ஆனால் வைத்தியன் கண்ணில் படுவது வேறு. 37,000 பேரை அளந்த கருவி வேகத்தைச் சரியாகத்தான் சொன்னது. அந்தக் கையின் ஆயுளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

தசை ஓடும், எலும்பு நடக்கும்

உடம்பில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

பதினெட்டு, இருபது வயதில் ஜிம்முக்குப் போனால் சில வாரங்களிலேயே தசை திரண்டுவிடும். ஆனால் எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் அத்தனை சீக்கிரம் பலப்படாது. எலும்பும் அப்படித்தான். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு முழுசாக இறுகி முற்றுவதற்கு இருபது வயதைத் தாண்டியும் சில வருஷங்கள் ஆகும். அதாவது, புது இன்ஜினைப் பழைய வண்டியில் மாட்டின மாதிரி. வேகம் வந்துவிடும், சட்டம் ஆடும்.

பேஸ்பால் பிட்சருக்கு அந்தப் பாரம் முழங்கையின் உள்பக்க நாரில் விழும். 1974-ல் டாமி ஜான் என்ற வீரருக்கு அந்த நார் அறுந்தபோது, டாக்டர் ஃபிராங்க் ஜோப் இன்னொரு கையிலிருந்து நார் எடுத்து வைத்துக் கட்டினார். ஜான் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓய்வெடுத்துத் திரும்பி வந்து, 1989 வரை ஆடினார். இன்றும் அந்த அறுவைக்கு அவர் பெயர்தான். 'ஆபரேஷன் செய்தால் வேகம் கூடும்' என்று நம்பி, நல்ல கையோடு வந்து ஆபரேஷன் கேட்கும் பெற்றோர் அமெரிக்காவில் இருந்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்!

நம் கிரிக்கெட்டில் கையை மடக்கி எறியக் கூடாது. அதனால் பாரம் முதுகுக்குப் போகிறது. ஓடி வந்து முன்காலை ஊன்றும் அந்த நொடியில், உடம்பு எடையைப்போல ஐந்து மடங்கும் அதற்கு மேலும் அந்தக் காலில் இறங்கும். அதே நொடியில் இடுப்பு பின்னால் வளைந்து பக்கவாட்டில் திருகும். ஒரு தடவை செய்தால் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை, வாரத்தில் ஆறு நாள் செய்தால் கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்துகிற கதைதான். ஒரு நாள் கீறல் விழும். வலதுகைக்காரனுக்குப் பெரும்பாலும் இடது பக்க இடுப்பில்.

பெரிய பெரிய ஆட்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ் 2011-ல் பதினெட்டு வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2017-ல், ராஞ்சியில்! நடுவில் முதுகும் மற்ற காயங்களும் ஐந்து வருஷத்துக்கு மேல் விழுங்கிவிட்டன. நம் நாட்டு மயங்க் யாதவ் 2024 ஐ.பி.எல்.லில் 156.7 கிலோமீட்டர் வேகத்தில் வீசி நாட்டையே பேச வைத்தார். அதற்கடுத்த வாரமே காயம். 20 லட்சத்துக்கு வாங்கிய அவரை 2025-க்கு 11 கோடி கொடுத்து அணி தக்கவைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் அவர் ஆடியது இரண்டே ஆட்டம். மறுபடி முதுகு.

ஒரு நாடி பிடித்து முடிவு சொல்லலாமா?

சித்த மருத்துவத்தில் நோயாளியைப் பார்க்க 'எண்வகைத் தேர்வு' என்று ஒன்று உண்டு. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், சிறுநீர் என்று எட்டையும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாடம். நாடியை மட்டும் பிடித்துவிட்டு மருந்து எழுதுகிறவரை அரை வைத்தியர் என்போம். ஸ்பீட் கன் நம்பரை மட்டும் பார்த்துவிட்டுப் பையனை எடுக்கிறவரையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

நல்ல தேர்வாளர் என்னென்ன பார்ப்பார்? முதல் ஓவரில் இருந்த வேகம் பத்தாவது ஓவரில் இருக்கிறதா, களைப்பு வந்ததும் உடம்பு கோணிக்கொள்கிறதா, நினைத்த இடத்தில் பந்து விழுகிறதா, அடி வாங்கினால் முகம் எப்படி இருக்கிறது, இதற்கு முன் எங்கே வலித்தது, கடந்த ரெண்டு மூணு வருஷத்தில் எவ்வளவு உயரம் வளர்ந்தான்... இத்தனையும் பார்ப்பார்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். டி.என்.பி.எல்.லில் அவரைக் கவனிக்க வைத்தது அதிசய வேகம் இல்லை. காலடியில் வந்து விழும் யார்க்கர். 2017 ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். 2020-21-ல் வலைப் பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார்! அவருக்கும் 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை நடந்தது. ஆனால் வேகம் ஒன்றையே நம்பியிராத ஆட்டம் என்பதால் திரும்பி வர வழி இருந்தது. 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்தார்.

'வேண்டாம்' என்று சொல்லவும் தேர்வாளருக்குத் தெரியவேண்டும். 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் டென்னிஸ் லில்லி. அவருக்கே 1973-ல் முதுகெலும்பில் கீறல் விழுந்து, பொறுமையாகத் தேறி மீண்டவர். வேகப்பந்து வீசவேண்டும் என்று ஆசையோடு வந்த ஒரு பம்பாய்ச் சிறுவனைப் பார்த்து, 'நீ பேட்டிங்கைக் கவனி தம்பி' என்கிற மாதிரி சொல்லி அனுப்பினார். அந்தச் சிறுவன் சச்சின் டெண்டுல்கர். அன்று லில்லி சொன்ன 'வேண்டாம்' எவ்வளவு பெரிய உபகாரம்!

"நாளைக்கு செலக்‌ஷன், இன்னிக்கே வலி போகணும்"

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். செலக்‌ஷன் சீசன் வந்தால் என்னைப்போன்ற வைத்தியர்களிடம் சில அப்பாக்கள் பையனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "வர்மம் தட்டி விடுங்க ஐயா. நாளைக்கு மட்டும் தாக்குப்பிடிச்சாப் போதும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள்.

எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தைலம் தேய்த்து நீவினால் தசைப்பிடிப்பு இளகும், வலி குறையும். அது உண்மை. ஆனால் எலும்பில் கீறல் விழுந்த இடத்தை அழுத்தி நீவுவது வைத்தியமே இல்லை. அறுந்த நாரைத் தைலம் ஒட்டவைக்காது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீசுவதும் அப்படித்தான். வீட்டில் ஃபியூஸ் போகிறது என்று கனமான கம்பியைச் சுற்றி வைத்தால் என்ன ஆகும்? லைட் எரியும். அப்புறம் வீடே எரியும்.

கீழே சொல்கிற அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் எங்களிடம் வருவதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஜிப்மர் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு தள்ளிப்போடாதீர்கள்.

- இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் வலி. பின்னால் வளைந்தால் கூடுகிறது. ஓய்வெடுத்தால் குறைந்து, பந்து வீசினால் திரும்பி வருகிறது.
- முழங்கை உள்பக்கம் வலி. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரமரப்பு.
- வலி என்று சொல்லாவிட்டாலும் வேகமோ குறியோ திடீரென்று குறைந்துவிட்டது.
- இரவில் தோள் வலியால் புரண்டு படுக்கிறான்.

முதுகெலும்பில் ஆரம்பக் கட்டக் கீறல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் சில மாத ஓய்வோடு போகும். விட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும்.

இன்னொன்று. 'நாட்டு மருந்துதானே, டெஸ்ட்டில் என்ன வரப்போகிறது?' என்று லேபிள் இல்லாத சூரணமும் லேகியமும் வாங்கிக் கொடுக்காதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால், 'எனக்குத் தெரியாது' என்ற பதில் பையனைக் காப்பாற்றாது. நான் சித்த வைத்தியன், நானே சொல்கிறேன்.

கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள்

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? பெரிய செலவில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்.

காலேஜ் பையனின் வாரத்தைப் பாருங்கள். காலேஜ் அணிப் பயிற்சி, கிளப் ஆட்டம், அகாடமி வலை, ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தன்னிடம் வீசிய பந்துதான் கணக்கு. மொத்தக் கணக்கு யாருக்குத் தெரியும்? யோசித்துப் பார்த்தால், வாரத்தில் எத்தனை வெள்ளை பேன்ட் துவைக்கிறோம் என்று தெரிந்த அம்மாவுக்குத்தான் தெரியும்! ஆகவே தினமும் எத்தனை பந்து, எங்கே வலித்தது, எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று மூன்றே விஷயம் எழுதச் சொல்லுங்கள்.

அளவுக்கு ஒரு ஒப்பீடு வேண்டுமா? இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பல வருஷம் வைத்திருந்த வழிகாட்டுதல் இது: 13 வயது வரை ஒரு நாளைக்கு 10 ஓவர்; 14, 15 வயதில் 12 ஓவர்; 16 முதல் 19 வரை 18 ஓவர், அதுவும் ஒரே மூச்சில் 7 ஓவருக்கு மேல் கூடாது. அமெரிக்க பேஸ்பாலில் 2014 முதல் இதே மாதிரி ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. 17, 18 வயதுப் பையன் ஒரு நாளைக்கு 105 எறிக்கு மேல் போகக் கூடாது; 80-ஐத் தாண்டிவிட்டால் நாலு நாள் எறியவே கூடாது.

பரீட்சைக்காக ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, செலக்‌ஷனுக்கு நாலு நாள் முன்னால் ராப்பகலாக வீசுவதுதான் ரொம்ப ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும்.

சாப்பாட்டில் கேழ்வரகு, முட்டை, பால், பயறு, முருங்கைக்கீரை இருக்கட்டும். வாரம் இரண்டு முறை உளுந்தங்களியோ பிரண்டைத் துவையலோ கொடுங்கள். பிரண்டையை நார் உரித்து, நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரையுங்கள்; இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். எட்டு மணி நேரத் தூக்கம் கட்டாயம். இன்னொரு பழைய வழக்கத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையக் கூடாது, கடுமையாக உழைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்களே, அதுவே வாரத்துக்கு ஒரு நாள் கட்டாய ஓய்வு ஆகிவிடும்!

"இந்த சான்ஸ் போனா வருமா?"

நியாயமான பயம்தான். அதற்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு உதாரணம் தருகிறேன். நம் ரிங்குவையும் தினேஷையும் எடுத்த அதே பிட்ஸ்பர்க் அணி, 2023-ல் பால் ஸ்கீன்ஸ் என்ற கல்லூரி பிட்சரை நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடும் கை. 92 லட்சம் டாலர் கொடுத்தார்கள். கொடுத்த பணத்துக்கு உடனே களத்தில் இறக்கிப் பிழிந்தார்களா? இல்லை. கல்லூரிப் பருவத்தில் நிறைய எறிந்துவிட்டான் என்று, அந்த வருஷம் கீழ்மட்ட லீக்கில் ஏழு இன்னிங்ஸ்கூட முழுசாக எறியவிடவில்லை. அடுத்த வருஷமும் எண்ணி எண்ணித்தான் எறியவிட்டார்கள். 2024 மே மாதம்தான் பெரிய மேடை. அந்த வருஷமே சிறந்த புதுமுகம். 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

நாளைக்கே எதுவும் வரலாம். முழங்கை யாருக்கும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. ஆனாலும் அத்தனை பணம் போட்டவர்களே காத்திருக்கும்போது, செலவில்லாமல் பார்க்க வந்திருக்கிற தேர்வாளருக்காக நம் பையன் வலியை மறைக்க வேண்டுமா?

படிப்பையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். டிகிரி முடிக்க ரெண்டு வருஷம் ஆகும். எலும்பு முற்றவும் கிட்டத்தட்ட அதே காலம் வேண்டும். ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு இருபத்திரண்டு வயது தாமதமும் இல்லை. நடராஜன் இந்தியாவுக்கு ஆடியபோது அவருக்கு வயது 29.

தேர்வு நடத்தும் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் புதுச்சேரி சங்கமாகட்டும், எந்த மாவட்டச் சங்கமாகட்டும், வேகப்பந்து வீச்சாளர் தேர்வை ஒரே காலையில் முடிக்காதீர்கள். இரண்டு நாள், ஒரு நாள் இடைவெளி விட்டு நடத்துங்கள். பந்துக் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாசலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை உட்கார வையுங்கள். 'வலிக்கிறது' என்று உண்மை சொன்ன பையனை லிஸ்ட்டிலிருந்து அடிக்காமல், ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். உண்மை சொன்னால் பெயர் போய்விடும் என்ற பயம் இருக்கிறவரை எந்தப் பையனும் வாயைத் திறக்க மாட்டான். அந்தப் பயம் போனால், தைலத்துக்காக முந்தின நாள் ராத்திரி எங்கள் கதவைத் தட்டுகிற கூட்டமும் குறையும்.

பெற்றோரே, அடுத்த தடவை யாராவது உங்களிடம் "உங்க பையன் எவ்வளவு ஸ்பீடு?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "இந்த வாரம் எத்தனை பந்து போடவைக்கப் போறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் பையனை நம்பி அனுப்பலாம்.